நாக்கு எழவில்லை!

பேரறிஞர் இமாம் கஸ்ஸாலியின் வரலாறு

பாக்தாத் நகரம். 1095-ம் ஆண்டு, ஜூலை மாதம்.

நிஜாமியா கல்லூரியில் மாணவர்கள் கூடியிருந்தார்கள். அங்கே ஒரே ஆசிரியரிடம் 300 பேர் பாடம் கேட்டு வந்தார்கள். ஆசிரியர் வந்து அமர்ந்தார். பாடம் சொல்ல வாயைத் திறந்தார்.

பேச்சு வரவில்லை!

மாணவர்கள் ஏமாந்து போவார்களே என்று மறுபடியும் முயன்றார். நாக்கு எழவில்லை. ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

இத்தனைக்கும் அவர் பேச்சுக்குப் பேர் போனவர். வாதம் என்று வந்தால் அவர் முன் நிற்க அறிஞர்கள் அஞ்சினார்கள். சுல்தானும் கலீபாவும் அவருக்கு மரியாதை செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 37-தான்.

அவர்தான் இமாம் கஸ்ஸாலி. இஸ்லாத்தின் ஆதாரம் என்று முஸ்லிம் உலகம் பட்டம் சூட்டிப் போற்றும் பெரியவர்.

மார்க்கத்தைக் கரைத்துக் குடித்தவருக்கு ஏன் நாக்கு எழவில்லை? அதன் பிறகு அவர் என்ன ஆனார்?

படித்தவர் ஒருவர் தம் மதத்தைப் பாமர மக்களுக்கு எடுத்துச் சொல்வது எவ்வளவு கடினமான காரியம் என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

கம்பளி நூற்றவர் மகன்

கஸ்ஸாலி 1058-ம் ஆண்டில் துஸ் என்ற ஊரில் பிறந்தார். அது பாரசீகத்தின் குராசான் பகுதியில் இருந்தது. இன்றைய ஈரான் நாட்டில், மஷ்ஹத் நகருக்குப் பக்கத்தில் அந்த இடம் இருக்கிறது.

பெற்றோர் வைத்த பெயர் முகமது. அவருக்கு ஒரு தம்பி உண்டு. தம்பி பெயர் அகமது.

தந்தை ஏழை. கம்பளி நூற்று, அதை விற்றுக் குடும்பம் நடத்தினார். வேலை முடிந்ததும் அறிஞர்கள் பேசும் இடங்களுக்குப் போவார். ஓர் ஓரத்தில் உட்கார்ந்து கேட்பார். கேட்கக் கேட்க அவருக்குக் கண்ணீர் பெருகும். தம் பிள்ளைகளும் இப்படி ஆகவேண்டும் என்று இறைவனிடம் வேண்டுவார்.

அவருக்கு ஒரு மனக்குறை. தாம் எழுதக் கற்றுக்கொள்ளவில்லையே என்பதுதான் அது.

பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே அவர் நோய்வாய்ப்பட்டார். சாகும் தறுவாயில், சூபி ஞானியான ஒரு நண்பரை அழைத்தார். சேர்த்து வைத்திருந்த சிறு தொகையைக் கொடுத்தார். தாம் இழந்த கல்வியைப் பிள்ளைகளாவது பெறட்டும், பணம் முழுவதும் செலவானாலும் கவலை இல்லை என்று சொல்லிவிட்டுக் கண் மூடினார்.

நண்பர் வாக்குத் தவறவில்லை. ஆனால் பணம் தீர்ந்துவிட்டது. அவரும் பரம ஏழை. ஆகவே மதரஸா ஒன்றில் போய்ச் சேர்ந்துகொள்ளும்படி பிள்ளைகளிடம் சொன்னார். அங்கே படிப்போடு சாப்பாடும் கிடைக்கும்.

கடவுளுக்காக அல்ல, வயிற்றுக்காகவே தாம் கல்வியைத் தேடிப் போனதாகக் கஸ்ஸாலி பிற்காலத்தில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

கொள்ளையன் சொன்ன பாடம்

துஸ் நகரில் கற்றது போதாமல், இளைஞர் கஸ்ஸாலி ஜுர்ஜான் என்ற ஊருக்குப் போய்ப் படித்தார். ஆசிரியர் சொன்னதை எல்லாம் ஏட்டில் எழுதிக்கொண்டார். ஊருக்குத் திரும்பும் வழியில் கொள்ளைக்காரர்கள் பாய்ந்து, எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள்.

கஸ்ஸாலி அவர்கள் பின்னாலேயே ஓடினார். மற்றது எல்லாம் உங்களுக்கே இருக்கட்டும், அந்த ஏடுகளை மட்டும் கொடுத்துவிடுங்கள், என் படிப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று கெஞ்சினார்.

கொள்ளைக் கூட்டத் தலைவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஏடு பறிபோனால் படிப்பும் போய்விடுமா, அப்படியானால் நீ என்ன படித்தாய் என்று கேட்டான். பிறகு ஏடுகளைத் திருப்பிக் கொடுத்தான்.

அந்தக் கேள்வி கஸ்ஸாலியின் நெஞ்சில் தைத்தது. ஊர் வந்து சேர்ந்ததும் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து, ஏட்டில் இருந்தது அத்தனையையும் மனப்பாடம் செய்தார். இனி எந்தக் கொள்ளையனாலும் தம் படிப்பைத் திருட முடியாது என்று நிம்மதி அடைந்தார்.

ஆனால் ஏட்டில் இருப்பது மண்டையில் ஏறினால் போதுமா? நெஞ்சில் இறங்க வேண்டாமா? அந்தப் பாடத்தை அவர் கற்றுக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

புகழின் உச்சியில்

அடுத்து அவர் நிஷாப்பூர் நகருக்குப் போனார். அங்கே ஜுவைனி என்ற மாபெரும் அறிஞரிடம் மாணவராகச் சேர்ந்தார். சட்டம், தர்க்கம், இறையியல் எல்லாம் கற்றார்.

1085-ம் ஆண்டில் ஜுவைனி காலமானார். அதன்பின் கஸ்ஸாலி செல்ஜுக் பேரரசின் மந்திரி நிஜாம் உல் முல்க்கின் சபைக்குப் போனார். அந்தச் சபையில் அறிஞர்கள் ஒருவரோடு ஒருவர் வாதம் செய்வார்கள். கஸ்ஸாலி எல்லோரையும் வென்றார்.

மந்திரி மகிழ்ந்தார். 1091-ம் ஆண்டில் கஸ்ஸாலியைப் பாக்தாத் நிஜாமியா கல்லூரியின் பேராசிரியராக நியமித்தார். அக்காலத்தில் அதைவிடப் பெரிய ஆசிரியர் பதவி இல்லை. கஸ்ஸாலிக்கு அப்போது வயது 33.

பாக்தாதில் நுழைந்தபோது அவர் உடுத்தியிருந்த உடையையும் ஏறிவந்த வாகனத்தையும் ஊரார் 500 தீனார் என்று மதிப்பிட்டார்களாம். தீனார் என்பது தங்கக் காசு.

அங்கே அவர் ஓய்வில்லாமல் எழுதினார். கிரேக்கத் தத்துவத்தைப் பின்பற்றியவர்களை மறுத்து, தத்துவவாதிகளின் முரண்பாடு என்னும் நூலை எழுதினார். மறுப்பதற்கு முன், எதிரிகளின் கொள்கை இன்னது என்று தெளிவாக எடுத்துச் சொல்வது அவர் வழக்கம்.

அதிலும் ஒரு தொல்லை வந்தது. எதிரிகளுக்கே சொல்லத் தெரியாததை நீர் அழகாகச் சொல்லிக் கொடுத்துவிட்டீரே என்று அறிஞர்கள் சிலர் அவரைக் குறைகூறினார்கள். எதிரியின் கொள்கையைத் தெரியாமல் மறுப்பது குருட்டுத்தனம் என்பது கஸ்ஸாலியின் பதில்.

ஆறு மாதப் போராட்டம்

1092-ம் ஆண்டில் மந்திரி நிஜாம் உல் முல்க் கொலை செய்யப்பட்டார். சில வாரங்களில் சுல்தான் மாலிக் ஷாவும் இறந்தார். அரியணைக்குச் சண்டை மூண்டது. நேற்று வரை உலகை ஆண்டவர்கள் இன்று மண்ணுக்குள் போனதைக் கஸ்ஸாலி கண்ணால் கண்டார்.

அவர் தம்மையே கேள்வி கேட்கத் தொடங்கினார்.

நான் ஏன் பாடம் சொல்கிறேன்? இறைவனுக்காகவா, பேருக்காகவா? நான் வாதத்தில் ஜெயித்ததால் யாராவது நல்லவன் ஆனானா? பிறருக்கு மறுமையைப் பற்றிச் சொல்கிறேனே, எனக்கு அதில் எவ்வளவு அக்கறை இருக்கிறது?

பதில் அவருக்கே வெட்கமாக இருந்தது. பதவியை விட்டுவிடலாம் என்று காலையில் தோன்றும். மாலையில் அந்த எண்ணம் கரைந்துவிடும். இப்படி ஆறு மாத காலம் மனத்துக்குள் போராட்டம் நடந்தது.

அந்த நிலையில்தான் அவர் நாக்கு கட்டிக்கொண்டது. தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை. உண்டது செரிக்கவில்லை. உடல் மெலிந்தது. வைத்தியர்கள் பார்த்தார்கள். இது மனத்தில் தோன்றி உடம்புக்குப் பரவிய நோய், மனத்தின் பாரம் இறங்கினால் ஒழிய மருந்தால் பயன் இல்லை என்று கைவிட்டார்கள்.

கஸ்ஸாலி ஒரு முடிவுக்கு வந்தார். குடும்பத்துக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்தார். மீதிப் பொருளைத் தானம் செய்தார். கல்லூரியில் தம் இடத்தைத் தம்பி அகமதிடம் ஒப்படைத்தார். மக்காவுக்குப் போவதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, 1095-ம் ஆண்டு நவம்பரில் சிரியாவை நோக்கி நடந்தார்.

ஊர் பலவிதமாகப் பேசியது. அரசாங்கத்துக்குப் பயந்து ஓடுகிறார் என்றனர் சிலர். இஸ்லாத்துக்குக் கண்பட்டுவிட்டது என்றனர் சிலர். இவ்வளவு பெரிய பதவியை ஒருவர் மனச்சாட்சிக்காக விடுவார் என்பதை யாரும் நம்பவில்லை.

மசூதி ஸ்தூபியில்

டமாஸ்கஸ் நகரின் பெரிய பள்ளிவாசலில் ஓர் உயர்ந்த ஸ்தூபி உண்டு. கஸ்ஸாலி அதன்மேல் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். பகல் முழுவதும் தியானத்தில் இருப்பார்.

அந்தக் காலத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். டமாஸ்கஸில் ஒரு கல்விச் சாலைக்குள் அவர் யாருக்கும் தெரியாமல் நுழைந்தாராம். அங்கே ஆசிரியர், கஸ்ஸாலி இப்படிச் சொல்கிறார் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தம் பெயரைக் கேட்டதும் எங்கே மீண்டும் கர்வம் வந்துவிடுமோ என்று பயந்து, அந்த ஊரையே விட்டுப் போய்விட்டாராம்.

ஜெருசலம் நகருக்குப் போனார். அங்கே உள்ளவர்களுக்காக இஸ்லாத்தின் நம்பிக்கைகளைச் சுருக்கித் தனியாக ஒரு சிறு நூல் எழுதிக் கொடுத்தார். சபையில் எதிரியை மடக்க எழுதிய கை, நம்பிக்கை உள்ளவர்களின் தேவைக்காக எழுதியது.

1096-ம் ஆண்டில் ஹெப்ரான் நகரில் இப்ராஹீம் நபியின் சமாதி முன் நின்று மூன்று சபதங்கள் செய்தார். அரசரின் வாசலுக்குப் போவதில்லை. அரசரின் பணத்தை வாங்குவதில்லை. சபையில் வாதம் செய்வதில்லை.

அதன்பின் மக்கா, மதீனா சென்று புனித யாத்திரையை முடித்தார். பாக்தாத் வழியாகச் சொந்த ஊருக்குத் திரும்பினார். துறவு பூண்ட பின் பாக்தாதில் தோன்றியபோது அவர் உடை ஒரு தீனார்கூடப் பெறாது என்று பேசிக்கொண்டார்களாம்.

நாற்பது நூல்கள்

இந்த ஆண்டுகளில்தான் அவர் தம் பெரிய நூலை எழுதினார். இஹ்யா என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். மார்க்க அறிவுக்குப் புத்துயிர் என்பது அந்தப் பெயரின் கருத்து.

அதில் 40 நூல்கள் அடங்கியுள்ளன. நான்கு பகுதிகள். தொழுகை, நோன்பு போன்ற வணக்கங்கள் முதல் பகுதி. சாப்பிடுவது, திருமணம், பிழைப்பு, நட்பு, பிரயாணம் போன்ற அன்றாடக் காரியங்கள் இரண்டாம் பகுதி. கோபம், பொறாமை, கஞ்சத்தனம், கர்வம் போன்ற கெடுதல்கள் மூன்றாம் பகுதி. பொறுமை, நன்றி, அன்பு போன்ற நற்குணங்கள் நான்காம் பகுதி.

முதல் நூலிலேயே அவர் படித்தவர்களைப் பிடித்து உலுக்குகிறார். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்கூட இல்லை. ஆனால் சட்ட வாதம் படிக்க மட்டும் கூட்டம் முட்டி மோதுகிறது. ஏன்? வைத்தியம் படித்தால் பதவி கிடைக்காது. சட்டம் படித்தால் நீதிபதி ஆகலாம், தர்ம சொத்துக்களை நிர்வகிக்கலாம். இதை அவர் பெயர் சொல்லாமல், ஆனால் உறைக்கும்படி எழுதினார்.

வாதம் செய்கிறவர்களுக்கு வரும் நோய்களையும் வரிசையாகச் சொன்னார். பொறாமை, பகை, புறங்கூறுதல், எதிரி தடுமாறினால் மகிழ்ச்சி. எல்லாம் அவர் அனுபவத்தில் கண்டவைதான்.

எறும்பும் பேனாவும்

இஹ்யா அரபு மொழியில் எழுதப்பட்டது. அரபு, படித்தவர்களின் மொழி. குராசான் மக்கள் வீட்டில் பேசியது பாரசீகம். கடைத்தெருவில் இருக்கும் மனிதனுக்கு இஹ்யா எட்டாது.

ஆகவே அதன் சாரத்தைப் பாரசீகத்தில் எழுதினார் கஸ்ஸாலி. நூலின் பெயர், இன்பத்தின் ரசவாதம். செம்பைப் பொன்னாக்குவது ரசவாதம். மனிதன் உள்ளத்தைப் பொன்னாக்குவது இந்த ரசவாதம்.

அதில் அவர் கதைபோல் பேசுகிறார். மனிதன் ஒரு நாடு. உள்ளம் அதற்கு ராஜா. அறிவு மந்திரி. ஆசை வரி வசூல் செய்யும் அதிகாரி. கோபம் போலீஸ் அதிகாரி. வரி வசூலிப்பவனும் வேண்டும், போலீசும் வேண்டும். ஆனால் அவர்கள் மந்திரியின் சொல் கேட்டு நடக்கவேண்டும். அவர்களே ராஜாவைக் கட்டிப் போட்டால் நாடு குட்டிச்சுவர்!

இன்னொரு உவமை. காகிதத்தின்மேல் ஓர் எறும்பு ஊர்கிறது. எழுத்துக்கள் தோன்றுவதைப் பார்த்து, எல்லாம் பேனா செய்யும் வேலை என்று நினைக்கிறது. சற்றுப் பார்வை நீண்ட வேறொரு எறும்பு, பேனாவை நடத்துவது விரல் என்று காண்கிறது. எழுதுகிற மனிதனை இரண்டுமே காணவில்லை. உலகத்தின் காரணங்களைக் கண்டு இறைவனைக் காணாதவன் அந்த எறும்பைப் போன்றவன் என்கிறார் கஸ்ஸாலி.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர்கூட இதைக் கேட்டுப் புரிந்துகொள்ளலாம் அல்லவா?

அதற்கும் எதிர்ப்பு

1106-ம் ஆண்டில் பழைய மந்திரியின் மகன் பக்ருல் முல்க் கஸ்ஸாலியை வற்புறுத்தி அழைத்தார். நிஷாப்பூர் கல்லூரியில் மீண்டும் பாடம் சொல்ல அவர் இசைந்தார். அரசர் வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் செய்தவர் பதவியை ஏற்கலாமா என்ற பேச்சு எழுந்தது. முன்பு புகழுக்காகக் கற்பித்தேன், இப்போது புகழைத் துறக்கும் கல்வியைக் கற்பிக்கிறேன் என்று தம் வரலாற்றை எழுதிய நூலில் அவர் விளக்கம் சொன்னார்.

அவரை முன்பே அறிந்த நிஷாப்பூர் அறிஞர் ஒருவர் இதை முதலில் நம்பவில்லை. கர்வம் பிடித்து, பிறரை இளக்காரமாகப் பார்த்த பழைய கஸ்ஸாலியை அவருக்குத் தெரியும். இது வேஷம் என்று நினைத்தார். பலமுறை போய்ப் பார்த்துப் பேசிய பிறகு, மனிதர் உண்மையிலேயே மாறிவிட்டார் என்று எழுதி வைத்தார்.

அந்த அறிஞரே ஒரு குறையும் சொன்னார். பாரசீக நூலில் கஸ்ஸாலி சில ஆழ்ந்த விஷயங்களைப் பாமரருக்குச் சொல்லியிருக்க வேண்டாம் என்பது அவர் கருத்து. அரபு இலக்கணத்தில் பிழை விடுகிறார் என்றும் சிலர் குறை கூறினார்கள். கஸ்ஸாலி கோபிக்கவில்லை. இலக்கணத்தில் தாம் ஆழ்ந்து படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, பிழை கண்டால் திருத்திக்கொள்ள அனுமதி கொடுத்தார்.

பெரிய அடி வெளிநாட்டில் விழுந்தது. ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் சட்ட அறிஞர்களுக்கு இஹ்யா பிடிக்கவில்லை. 1109-ம் ஆண்டில், அரசர் அலி இப்னு யூசுப் காலத்தில், கொர்டோவா நகரில் அது தீயிட்டுக் கொளுத்தப்பட்டது. அப்போது கஸ்ஸாலி உயிரோடு இருந்தார்!

அவர் மறைந்த பின்னும் தொல்லை ஓயவில்லை. தத்துவவாதிகளின் கொள்கையை மறுப்பதற்கு முன்னோட்டமாக அவர் எழுதிய நூல் லத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டது. முன்னுரை பலர் கைக்கு எட்டவில்லை. அதனால் ஐரோப்பிய அறிஞர்கள், கஸ்ஸாலியும் ஒரு தத்துவவாதி, இவை எல்லாம் அவருடைய சொந்தக் கொள்கை என்று எண்ணிவிட்டார்கள்.

ஸ்பெயினில் தோன்றிய மேதை இப்னு ருஷ்த் அவரை மறுத்து நூல் எழுதினார். அறிஞர்களுக்குள் பேசவேண்டியதைக் கஸ்ஸாலி தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்பது அவர் குறை. இஹ்யாவில் ஆதாரம் குறைந்த நபிமொழிகள் பல கலந்துள்ளன என்று வேறு சிலர் சுட்டிக்காட்டினார்கள். அந்தக் குறை உண்மைதான். 1404-ம் ஆண்டில் இறந்த இராக்கி என்ற அறிஞர் ஒவ்வொரு நபிமொழியையும் சோதித்துத் தனி நூலே எழுதினார்.

எளிமையாகச் சொன்னால் அறிஞர் சீறுகிறார். ஆழமாகச் சொன்னால் மக்களுக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று அடி வாங்கினார் கஸ்ஸாலி.

மருந்தா, தண்ணீரா?

அப்படியானால் மதத்தை மக்களுக்கு எப்படித்தான் சொல்வது? கடைசி வரை அவர் இதையே சிந்தித்தார்.

அவர் கண்ட முடிவு இது. தர்க்க வாதம் மருந்து போன்றது. நோய் உள்ள சிலருக்கு அது உதவும். நோய் இல்லாதவனுக்குக் கொடுத்தால் அவனைக் கெடுக்கும். குர்ஆன் காட்டும் சான்றுகளோ உணவு போன்றவை, தண்ணீர் போன்றவை. பால்குடிக் குழந்தைக்கும் தண்ணீர் ஆகும், பயில்வானுக்கும் ஆகும். மனத்தில் சந்தேகமே இல்லாத உழவனிடம் போய்ச் சந்தேகத்தைக் கிளப்பி, பிறகு அதற்குப் பதில் சொல்லித் திணறாதே என்பது அவர் அறிவுரை.

சொற்பக் கருத்து வேற்றுமைக்காக ஒரு முஸ்லிமை இன்னொரு முஸ்லிம் மதத்தைவிட்டு நீக்குவதையும் அவர் கண்டித்துத் தனி நூல் எழுதினார். அதில் பிற மதத்தாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். இஸ்லாத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் மீது குற்றம் இல்லை. கேள்விப்பட்டும், பொய்யும் புரட்டுமாகத் தவறாகவே கேள்விப்பட்டவர்கள் மீதும் குற்றம் இல்லை. இறைவனின் கருணை அவர்களுக்கும் உண்டு என்று எழுதினார்.

ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் இப்படி எழுத எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

தந்தையின் கனவு

கடைசிக் காலத்தில் கஸ்ஸாலி துஸ் நகருக்கே வந்துவிட்டார். வீட்டுக்கு அருகில் சிறு கல்விச் சாலை, சூபிகள் தங்க ஒரு மடம். குர்ஆன் ஓதுவது, பாடம் சொல்வது, தொழுவது. இப்படியே பொழுது போயிற்று.

பாமர மக்களை தர்க்க வாதத்தில் இழுக்கக்கூடாது என்று சொல்லும் நூலை முடித்த சில நாட்களில் அவர் உயிர் பிரிந்தது. 1111-ம் ஆண்டு டிசம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை விடியற்காலை. அன்று எழுந்து தொழுதார். கபன் துணியைக் கொண்டுவரச் சொன்னார். அதை முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். மக்கா இருக்கும் திசை நோக்கிக் கால் நீட்டிப் படுத்தார். பொழுது புலர்வதற்குள் உயிர் அடங்கிவிட்டது என்று தம்பி அகமது கூறியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 53.

கொர்டோவாவில் எரித்த நூல் அழிந்துவிடவில்லை. அரபு மொழியிலும், துருக்கி, உருது, மலாய் மொழிகளிலும், நம் தமிழிலும் கஸ்ஸாலியின் எழுத்துக்கள் படிக்கப்படுகின்றன.

பாக்தாதில் 300 மாணவர்களுக்கு முன் எழாத நாக்கு, ஒரு பாரசீக நூலில் எழுந்து பேசியது. அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கல்லூரிப் படிப்பு வேண்டாம். துஸ் நகரில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, அறிஞர் பேச்சைக் கேட்டுக் கண்ணீர் விட்டாரே, எழுதக் கற்காத அந்தக் கம்பளி நூற்பவர்! அவர் உயிரோடு இருந்து, யாராவது படித்துக் காட்டியிருந்தால், தம் மகன் சொல்வது அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.